யார் பெயரில்?

கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்குப் 'பிராக்ஸி' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆசிரியர் வருகைப் பதிவை வாசித்துக்கொண்டே போவார். வராத நண்பனின் பெயர் வருகிற சமயத்தில், கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன் குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, "பிரஸண்ட், ஸார்" என்பான். நண்பன் அந்நேரம் சினிமாக் கொட்டகையில் இருப்பான். பதிவேட்டின்படி அவன் வகுப்பில் இருக்கிறான். ஆள் இல்லாத இடத்தில் பெயரை மட்டும் இருக்கச் செய்கிற இந்த வித்தைக்கு மாணவர் பாஷையில் பிராக்ஸி என்று பெயர்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலும் பிராக்ஸி என்று ஒன்று இருக்கிறது. யார், எந்த நேரத்தில், எங்கே போய் வந்தார் என்று சரியாகத் தெரியவேண்டும் என்பதற்காகவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஜனங்கள் சாமர்த்தியசாலிகள். அதற்குள்ளேயே பழைய கல்லூரிப் பிராக்ஸியையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அதனால் ஒரு பெண்ணுக்கு வந்த சங்கடத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் இந்தப் பிராக்ஸி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடியைத் தாண்டிக் கடலைப் பார்த்துப் போனால் மாரியூர். மன்னார் வளைகுடாக் கரை. சுற்றிலும் பனையும் உடையும் உவர் மண்ணும். 1974-இல் ஏற்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் மாரியூர், வாலிநோக்கம் உப்பளங்கள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கடல் நீரைக் கொண்டு உப்பு விளைவிக்கிற இடங்களில் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். கடல் எதிரிலேயே கிடக்கும். ஆனாலும் பாத்திக்குள் அது நேராக வந்துவிடாது. கால்வாய் வழியாக வந்து, தேக்கத்தில் நின்று, மடை திறந்தால்தான் உள்ளே நுழையும். மடைக்கு ஓர் ஆள் உண்டு. எந்தப் பாத்திக்கு எப்போது எவ்வளவு என்பது அவர் கையில்.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கிற பிராக்ஸியும் இப்படி ஒரு மடைக்காரர்தான். நாம் ஒரு பக்கத்தைக் கேட்டால், நமக்குப் பதிலாக அவர் வெளியே போய் வாங்கி வந்து கொடுக்கிறார். 1994-இல் ஜெனீவாவில் நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டிலேயே ஆரி லுவோட்டனென், கெவின் ஆல்டிஸ் என்ற இருவர் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார்கள். ஒருவர் கேட்ட பக்கத்தின் நகலை வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்பது அதில் ஒரு லாபம். நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதிதான் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. அந்த நாட்களில் குழாய் சிறியது, விலையோ பெரியது. ஒரு கல்லூரி முழுவதும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டுமானால் மடைக்காரர் இல்லாமல் முடியுமா?

மடைக்காரருக்கு இன்னொரு குணம் உண்டு. கேட்கிறவர் யார் என்று தெரியாமல் அவர் வெளியே போகமாட்டார். 404 என்ற எண்ணை வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். கேட்ட பக்கம் இல்லை என்று அர்த்தம். அதற்கு 407 என்று ஒரு தம்பி உண்டு. 'முதலில் நீ யார் என்று பிராக்ஸியிடம் சொல்லு' என்பது அதன் அர்த்தம். இந்த 407 வந்ததும், திரையின் நடுவே ஒரு சின்னப் பெட்டி எழும்பும். பயனர் பெயர், கடவுச்சொல் என்று இரண்டு கட்டங்கள். இரண்டையும் நிரப்பினால் வழி.

ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டால் யாருக்கும் வருத்தம் இல்லை. ஆனால் இது விடுகிற பெட்டியாகத் தெரியவில்லை. செய்தித்தாளின் ஒரு பக்கத்தைத் திறந்தால் படம் ஓர் இடத்திலிருந்தும், விளம்பரம் வேறோர் இடத்திலிருந்தும் வருகின்றன. அது போதாதென்று, கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கிற மற்ற புரோகிராம்களும் தங்களைப் புதுப்பித்துக்கொள்ள வெளியே போக விரும்புகின்றன. சிலவற்றுக்கு மடைக்காரரின் கேள்விக்குப் பதில் சொல்லவே தெரியாது. அவை கதவைத் தட்டித் தட்டி நிற்கும். கடவுச்சொல்லை மாற்றிய மறுநாள் கூத்து இன்னும் அதிகம். கம்ப்யூட்டர் எங்கோ ஒரு மூலையில் பழைய சொல்லைச் சேமித்து வைத்திருக்கும். விசுவாசமுள்ள வேலைக்காரனைப் போல அதையே திரும்பத் திரும்ப ஒப்பிக்கும். நாலைந்து தடவை தப்பான சொல்லைக் கேட்ட பிராக்ஸி, யாரோ திருடன் என்று முடிவு கட்டி அந்தப் பெயரையே பூட்டிவிடும். உரியவர் வந்து, "ஐயா, நான்தான்!" என்று கதறினாலும் திறக்காது.

இப்படித் தொந்தரவு செய்கிற பெட்டியை என்ன செய்வது? ஒரு கம்ப்யூட்டருக்கு ஓர் ஆள் என்றால் சமாளிக்கலாம். இரண்டு கம்ப்யூட்டருக்கு ஐந்து பேர் என்றால், மனிதர்கள் சுலபமான வழியைத் தேடுவார்கள். ஒருவருடைய பெயரைக் கொடுத்து, 'நினைவில் வைத்துக்கொள்' என்ற சின்னக் கட்டத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டால் தீர்ந்தது. அப்புறம் பெட்டி எழும்பாது. எல்லோருக்கும் நிம்மதி. அந்த ஒருவருடைய பெயர் யாருடையது என்பதுதான் விஷயம்.

சென்ற ஆண்டு சித்திரைத் திருவிழாவுக்கு மாரியூர் போயிருந்தேன். பவளநிறவல்லி சமேத பூவேந்தியநாதர் கோயில் கடற்கரையிலேயே இருக்கிறது. அங்கே நடக்கும் வலைவீசும் படலம் பிரசித்தமானது. அம்பிகை சாபத்தினால் பரதவர் மகளாய்ப் பிறக்க, சிவபெருமான் செம்படவர் வேஷத்தில் வந்து வலை வீசி, ஊரை மிரட்டிய சுறாவைப் பிடித்து, அவளைக் கைப்பிடிக்கிறார். கரை முழுவதும் ஜனம். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தேன்.

ஆனி மாதம் மறுபடியும் அங்கே போகவேண்டி வந்தது. ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் அந்தப் பக்கத்து ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று கேட்க வேண்டாம். உப்பளமும் இல்லை, கோயிலும் இல்லை என்பதோடு விட்டுவிடுகிறேன். அவன் ஒரு சாயங்காலம் ஒரு பெண்ணை அழைத்து வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு காகிதத்தை நாலாக மடித்து வைத்திருந்தாள்.

"அண்ணே, இந்தப் பிள்ளைக்கு மெமோ வந்திருக்கு. நீங்க எழுதுறவுக. ஒரு பதில் எழுதிக் குடுக்கணும்" என்றான் தம்பி.

கதை எழுதுகிறவனுக்கு மனு எழுதவும் தெரியும் என்று நம் கிராமங்களில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதைக் கெடுப்பானேன் என்று காகிதத்தை வாங்கிப் படித்தேன். குறிப்பிட்ட ஒரு தேதியில், வேலை நேரத்தில், தங்கள் பெயரைப் பயன்படுத்திப் பணம் வைத்துச் சீட்டாடும் இணையதளத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போக்குவரத்து நடந்திருக்கிறது. ஏன் தங்கள்மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்குப் பத்து நாளுக்குள் சமாதானம் சொல்லவேண்டியது. இதுதான் சாரம்.

"அன்னிக்கு நான் ஆபீஸுக்கே போகல, ஸார். சாமி வலை வீசுறதப் பாக்கப் போயிருந்தேன். லீவு எழுதிக் குடுத்துட்டுத்தான் போனேன்" என்றாள் அவள்.

எனக்கு நிம்மதியாயிற்று. "அப்படியானால் கவலை என்ன? வருகைப் பதிவேடே சாட்சி. ஊரே சாட்சி. ஒரு வரியில் எழுதிவிடலாமே" என்றேன்.

தம்பி தலையை ஆட்டினான். "அப்பிடி எழுதுனா, 'நீ வராத அன்னிக்கு உன் பேரு எப்பிடி வந்துச்சு? அப்ப பாஸ்வேர்டை யாருக்கோ குடுத்திருக்க'ன்னு கேப்பாங்கண்ணே. அது அதைவிடப் பெரிய குத்தம்."

அப்போதுதான் அந்தப் பொறியின் வேலைப்பாடு எனக்குப் புரிந்தது. அவள் ஆபீஸில் இருந்திருந்தால், சூதாடிய குற்றம். இல்லாதிருந்தால், சொல்லைக் கொடுத்த குற்றம். ஒரு குற்றத்துக்கு அவள் காட்டுகிற அத்தாட்சியே மற்றொரு குற்றத்துக்கு ருசுவாகிவிடுகிறது.

நடந்தது என்னவென்று கேட்டேன். அந்த ஆபீஸில் ஐந்து பேர். கம்ப்யூட்டர் இரண்டு. மூன்று பேருக்கு மேலிடத்திலிருந்து பெயர் கொடுத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று பூட்டிக்கொண்டு ஆறு மாதம் ஆகிறது. ஒன்றுக்குரியவர் தம் கடவுச்சொல்லை மறந்துவிட்டார். மிஞ்சியது இந்தப் பெண்ணின் பெயர். காலையில் முதலில் வந்து கம்ப்யூட்டரைத் திறக்கிறவளும் அவள்தான். "உன் பேரையே போட்டு வச்சிரு தாயி, சும்மா சும்மா கேட்டுத் தொலைக்குது" என்று ஒரு பெரியவர் சொன்னார். மறுக்கிற நிலைமையில் அவள் இல்லை. பதினொரு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற வேலை அது. தகப்பனார் பனை ஏறினவர். இப்போது ஏற முடிவதில்லை.

இரண்டு கம்ப்யூட்டரிலும் அவள் பெயர் உட்கார்ந்துகொண்டது. யார் வந்து உட்கார்ந்தாலும் அவள்தான். ஐந்து பேருடைய கைகளும் அவள் ஒருத்தியின் கைகளாகிவிட்டன. அவள் கடற்கரையில் நின்று கடவுள் வேஷம் போட்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆபீஸில் அவளுடைய வேஷத்தில் யாரோ சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"யார் என்று தெரியுமா?" என்று கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு, "பொய் எழுத வேண்டாம், ஸார். யாருன்னும் எழுத வேண்டாம்" என்றாள்.

இது மாரியூர்ப் பக்கத்தில் மட்டும் முளைத்த துன்பம் என்று நினைக்கக் கூடாது. கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் என்று ஒன்று வந்ததே, பலர் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொண்டதால்தான். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்வி நிலையத்தில், 1961-இல் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரும் கூட்டாளிகளும், பலர் ஒரே சமயத்தில் ஒரு கம்ப்யூட்டரில் வேலை செய்யும் ஏற்பாட்டைச் செய்து காட்டினார்கள். அவரவர் காகிதம் அவரவருக்கு என்று பிரித்து வைக்கத்தான் அங்கே கடவுச்சொல் வந்தது. வந்த மறு வருஷமே, ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், எல்லோருடைய சொற்களும் அடங்கிய பட்டியலையே இயந்திரத்தை ஏமாற்றி அச்சடித்து எடுத்துக்கொண்டார். பிறர் பெயரில் வேலையும் பார்த்தார். வெகுகாலம் கழித்து அவரே இதைச் சொன்னார். பூட்டும் கள்ளச் சாவியும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள்.

ஆனால் ஷெர் செய்தது வேண்டுமென்றே செய்தது. நம் ஆபீஸ்களில் நடப்பது அப்படி இல்லை. வேலை நடக்க வேண்டும், பெட்டி தொந்தரவு செய்கிறது, கொடு உன் பெயரை என்கிறார்கள். விதி செய்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கடவுச்சொல்லை அடிக்கடி மாற்று, குறியும் எண்ணும் கலந்து வை என்ற புத்திமதி, 2003-இல் அமெரிக்கத் தர நிறுவனத்தில் பில் பர் என்பவர் எழுதிய வழிகாட்டியிலிருந்து உலகமெல்லாம் பரவியது. அதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக 2017-இல் அவரே சொன்னார். அந்த ஆண்டே அந்த நிறுவனமும் தன் விதியை மாற்றியது. சொல் வெளியே போய்விட்டது என்பதற்கு அறிகுறி இருந்தாலொழிய, கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. மனிதன் தாங்க முடியாத விதியைப் போட்டால், அவன் அதை மீறுவதற்குச் சுலபமான வழியைக் கண்டுபிடிப்பான். அந்த மீறலின் பலன், கூட்டத்தில் யார் பலவீனரோ அவர் தலையில் விடியும்.

பதிவேடும் லேசானதல்ல. இந்த நேரம், இந்தக் கம்ப்யூட்டரின் எண், இந்தப் பெயர், இந்தத் தளம், இவ்வளவு என்று வரி வரியாகப் பிராக்ஸி எழுதி வைக்கிறது. இத்தகைய பதிவுகளை 180 நாள் காப்பாற்ற வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினி அவசர உதவிக் குழு உத்தரவு போட்டிருக்கிறது. இன்னொருவர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு சொல்கிறது. ஆனால் பதிவேட்டுக்குத் தெரிவது பெயர்தான், விரல் தெரியாது. பாண்டியன் சபையில் என்ன நடந்தது? சிலம்பு கோவலன் கையில் இருந்தது. ஆகவே அவன் கள்வன் என்று தீர்ந்துபோயிற்று. உள்ளே முத்தா, மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்கிற யோசனை பிற்பாடுதான் வந்தது.

அந்த நினைப்போடுதான் அன்றைக்குப் பதில் எழுத உட்கார்ந்தோம். மூன்று பேருமாக எழுதி அடித்து, கடைசியில் ஆறே வரிகள் நின்றன. அந்தத் தேதியில் விடுப்பில் இருந்தேன். ஆபீஸில் கம்ப்யூட்டர் இரண்டு, ஆட்கள் ஐந்து பேர். மற்றப் பெயர்கள் இயங்காததால், வேலை தடைப்படாமல் இருக்க, இன்ன மாதத்திலிருந்து என் பெயர் இரண்டிலும் சேமிக்கப்பட்டிருக்கிறது. இது ஆபீஸில் எல்லோரும் அறிந்தது. பதிவேட்டில் கம்ப்யூட்டரின் எண் இருக்குமாதலால், எந்த மேஜை என்பதைத் தயவுசெய்து பார்க்க வேண்டும். ஐந்து பேருக்கும் தனித்தனிப் பெயர் கொடுக்க வேண்டும். பொய் ஒன்றும் இல்லை. யார் பெயரும் இல்லை. அவள் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு தம்பி போன் செய்தான். 'இனி எச்சரிக்கையாக இருக்கவும்' என்று அவளுக்கு ஒரு வரி வந்ததாம். வேலையும் புதுப்பித்தாகிவிட்டது. சீட்டாடினவரை யாரும் தேடவில்லை. எந்த மேஜை என்று யாரும் பார்த்ததாகவும் தெரியவில்லை. ஆனால் ஐந்து பேருக்கும் ஐந்து பெயர் வந்துவிட்டன.

இப்போது அந்த ஆபீஸில் நடக்கிற முறையைத் தம்பி எனக்குச் சொன்னான். பகிர்ந்த கம்ப்யூட்டர் இருக்கிற இடங்களில் எல்லாம் செய்யக்கூடியதுதான். கம்ப்யூட்டரைத் திறக்கிறபோதே அவரவருக்குத் தனிக் கணக்கு. ஒருவர் கணக்கில் சேமித்த சொல் மற்றவர் கணக்கில் எழும்பாது. காலையில் அப்படி நுழைந்த பெயரையே பிராக்ஸியும் ஏற்றுக்கொள்ளும்படி செய்திருப்பதால், பெட்டி அநேகமாகத் தலை காட்டுவதே இல்லை. மேஜையை விட்டு எழுந்தால் விண்டோஸ் சாவியையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டவேண்டும். எங்காவது பெட்டி எழும்பினால் 'நினைவில் வைத்துக்கொள்' என்ற கட்டத்தைத் தொடக்கூடாது. வேலை முடிந்ததும் உலாவியை முழுக்க மூடவேண்டும். பெட்டியில் கொடுத்த பெயருக்கு 'வெளியேறு' என்று ஒரு பொத்தான் கிடையாது. உலாவியை மூடுகிற வரையில் அது நினைவு வைத்திருக்கும். கடவுச்சொல்லை மாற்றினால், சேமித்த பழைய சொல்லையும் அன்றைக்கே தேடி அழிக்கவேண்டும். மேலிடத்தாரும் தங்கள் பங்குக்கு, தினமும் வேண்டிய அரசாங்கத் தளங்களையும், கம்ப்யூட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போகிற இடங்களையும் பெயர் கேட்காமல் விடும்படி மடைக்காரருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். தற்காலிகமாக வருகிறவருக்கும் கெடுவோடு ஒரு பெயர் உண்டு.

இதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு பெண் கலங்கி நிற்கிற வரையில் யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான். பாங்குப் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள் என்று வைத்திருக்கிறோம். பணத்துக்கு அந்த மரியாதை உண்டு. ஒருவருடைய பெயருக்கும் அந்த மரியாதை வேண்டாமா? சின்ன உத்தியோகத்தில் இருப்பவருக்கு, அடுத்த பதினொரு மாதத்துக்கு அடகு வைக்கக்கூடிய சொத்து என்று இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான்.

"உன் பேரையே போட்டு வச்சிரு" என்று சொன்ன பெரியவருக்கும் ஒரு பெயர் கிடைத்தது. ஓய்வுபெற அவருக்கு இன்னும் இரண்டு வருஷம். இத்தனை காலத்தில் கம்ப்யூட்டரில் அவருக்கென்று ஒரு பெயர் இருந்ததே இல்லை. தினமும் காலையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தம் பெயரை அடிக்கிறாராம். அவசரமாக இருக்கிற நாளில் தம்பி, "நான் அடிச்சு விடட்டுமா, பெரியப்பா?" என்று கேட்டால், "நீ சும்மா இரு, தம்பி. என் பேரை நானே அடிச்சுக்கிறேன்" என்கிறாராம்.